கணக்கியல் வீட்டுப்பாடம்: திரையில் தட்டுவதா, தாளில் எழுதுவதா?

இரவு மணி பதினொன்று. கல்லூரியில் கணக்கியல் டிப்ளோமா படிக்கும் மகன் மடிக்கணினியின் முன் அமர்ந்திருக்கிறான். மேசையில் பாடநூல் இல்லை. பேனா இல்லை. "என்னய்யா, படிக்கிறியா, விளையாடுறியா?" என்று அம்மா கேட்கிறார். "வீட்டுப்பாடம்மா" என்று பதில் வருகிறது. திரையில் சில பெட்டிகள் தெரிகின்றன. மகன் ஒவ்வொன்றிலும் ஓர் எண்ணைத் தட்டுகிறான். பச்சை நிறத்தில் சரி என்ற குறி தோன்றுகிறது. அரை மணி நேரத்தில் நூற்றுக்கு 95 புள்ளி! அம்மாவுக்கு மனம் நிறைகிறது.

தவணை முடிவில் அதே மகன் இறுதித் தேர்வில் 38 புள்ளியோடு வந்து நின்றால்? எங்கே தவறு நடந்தது என்று அம்மாவுக்கும் புரியாது, மகனுக்கும் புரியாது.

இது ஓர் உதாரணக் காட்சிதான். ஆனால், கணக்கியல் போதிக்கும் விரிவுரையாளர்கள் பலருக்கு இது புதிய காட்சி அல்ல. வீட்டுப்பாடத்தில் முழுப் புள்ளி, தேர்வில் தோல்வி என்ற புதிரை அவர்கள் ஆண்டுதோறும் சந்திக்கிறார்கள். ஒரு பாடத்தில் தோற்றால் மறுபடியும் கட்டணம் கட்ட வேண்டும். படிப்பு ஒரு தவணை நீண்டால் தங்கும் செலவும் சாப்பாட்டுச் செலவும் கூடவே நீளும். கடனுதவியில் படிக்கும் பிள்ளைக்கு இது சிறிய விஷயம் அல்ல.

ஆகவே, கணக்கியல் வீட்டுப்பாடத்தை இணையத்தில் செய்வது நல்லதா, கையால் எழுதுவது நல்லதா என்ற கேள்வியைப் பெற்றோரும் மாணவரும் சற்று நிதானமாக ஆராய வேண்டியிருக்கிறது. பட்டிமன்றம் போல இரு தரப்புக்கும் வலுவான நியாயங்கள் உண்டு.

ஏட்டில் வளர்ந்த கலை

கணக்கியல் என்பது பேனாவும் ஏடும் வளர்த்த கலை. ஒவ்வொரு கொடுக்கல் வாங்கலையும் இரண்டு இடங்களில் பதியும் இரட்டைப் பதிவு முறையை வெனிஸ் நகர வணிகர்கள் கையாண்டு வந்தார்கள். இத்தாலியத் துறவியும் கணித ஆசிரியருமான லூக்கா பச்சோலி 1494ஆம் ஆண்டில் அச்சிட்ட கணித நூலில் அந்த முறையை விளக்கினார். நடந்ததை நடந்தபடி எழுத ஒரு நினைவேடு, அதைப் பற்று வரவாகப் பிரித்து எழுத ஒரு குறிப்பேடு, பின்னர் கணக்குவாரியாகத் தொகுக்க ஒரு பேரேடு என மூன்று ஏடுகளை அவர் குறிப்பிட்டார். இன்றைய பாடநூல்களின் அடிப்படையும் இதுவே.

மலாயாவுக்கு வந்த நாட்டுக்கோட்டை நகரத்தாரும் கையெழுத்துக் கணக்கில் பெயர் பெற்றவர்கள். பினாங்கு வீதியிலும் சிங்கப்பூர் மார்க்கெட் ஸ்திரீட்டிலும் இருந்த கிட்டங்கிகளில், பெட்டியடிப் பையனாகச் சேர்ந்த சிறுவன் தரையில் அமர்ந்து பெட்டியின் மேல் ஏட்டை வைத்துக் கணக்கு எழுதிப் பழகினான். குறிப்பு, பேரேடு, ஐந்தொகை என்ற சொற்கள் அவனுக்குக் கல்லூரியில் கிடைத்தவை அல்ல; அன்றாடம் எழுதியதால் கைவந்தவை.

அதன் பிறகு காலம் வேகமாக மாறியது. 1979ஆம் ஆண்டில் விசிகால்க் என்ற மின்னியல் விரிதாள் கணினியில் வந்தது. பின்னர் எக்செல் வந்தது. கணக்கு மென்பொருள்கள் அலுவலகங்களுக்குள் புகுந்தன. குறிப்பேட்டில் பதிந்தால் பேரேடு தானாகவே நிரம்பும் நிலை உருவானது.

தேர்வுகளும் மாறின. அமெரிக்காவின் சி.பி.ஏ. தேர்வு 2004ஆம் ஆண்டில் தாளை விட்டுக் கணினிக்கு மாறியது. மலேசிய மாணவர்கள் பெருமளவில் எழுதும் ஏ.சி.சி.ஏ. தேர்வின் இடைநிலைத் தாள்கள் 2016ஆம் ஆண்டு தொடங்கி கட்டம் கட்டமாகக் கணினிக்கு மாறின. உயர்நிலைத் தாள்களுக்கும் 2020ஆம் ஆண்டில் அந்த மாற்றம் தொடங்கியது. இந்த நிலையில் வீட்டுப்பாடம் மட்டும் தாளிலேயே இருக்க வேண்டுமா என்ற கேள்வி எழுவது இயல்பே.

இணைய வீட்டுப்பாடம் எப்படி இயங்குகிறது?

அமெரிக்காவின் வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தில் 1997ஆம் ஆண்டில் இயற்பியல் வீட்டுப்பாடத்துக்காக வெப்அசைன் என்ற இணைய முறை உருவானது. பின்னர் பாடநூல் வெளியீட்டு நிறுவனங்கள் இந்தத் துறையில் இறங்கின. மெக்ரா-ஹில் நிறுவனத்தின் கனெக்ட், பியர்சன் நிறுவனத்தின் மைலேப், வைலி நிறுவனத்தின் வைலிபிளஸ் ஆகியவை கணக்கியல் மாணவர்களுக்குப் பழக்கமான பெயர்கள்.

மாணவர் பாடநூலோடு ஒரு நுழைவுக் குறியீட்டையும் வாங்குகிறார். அதைக் கொண்டு இணையத்தளத்தில் பதிந்துகொள்கிறார். விரிவுரையாளர் தேர்ந்தெடுத்த கேள்விகள் கெடு நாளோடு திரையில் வருகின்றன. கேள்வியின் கதை எல்லோருக்கும் ஒன்றுதான். தொகைகள் மட்டும் ஆளுக்கு ஆள் மாறும். ஒருவருக்கு வாடகை 12,000 வெள்ளி என்றால், அடுத்தவருக்கு 18,000 வெள்ளி. விடையைத் தட்டியதும் கணினியே திருத்திவிடும். பெரும்பாலும் இரண்டு மூன்று முறை முயற்சி செய்ய வாய்ப்பும் உண்டு.

திரையின் பக்கம் உள்ள நியாயம்

முதல் நியாயம், உடனடித் திருத்தம். கையால் எழுதிய வீட்டுப்பாடத்தைத் திங்களன்று கொடுத்தால், திருத்திய தாள் திரும்பி வர ஒரு வாரமோ இரண்டு வாரமோ ஆகலாம். அதற்குள் வகுப்பு அடுத்த பாடத்துக்குப் போயிருக்கும். தேய்மானத்தைத் தவறாகக் கணக்கிடும் மாணவர் அந்தத் தவறையே பத்து முறை செய்து பழக்கமாக்கியிருப்பார். கணினியோ அந்த நிமிடமே தவறு என்று சொல்லிவிடுகிறது.

இரண்டாவது நியாயம், விரிவுரையாளரின் நேரம். ஒரு விரிவுரையாளரிடம் 150 மாணவர்கள் இருப்பதாக வைத்துக்கொள்ளலாம். ஒரு தாளைக் கவனமாகத் திருத்த 10 நிமிடம் பிடித்தால், ஒரு வீட்டுப்பாடத்துக்கு 1,500 நிமிடம், அதாவது 25 மணி நேரம் தேவை. வாரந்தோறும் இது நடக்கிற காரியமா? நடக்காது. அதனால் தாளில் கொடுக்கும் பல வீட்டுப்பாடங்கள் உண்மையில் திருத்தப்படுவதில்லை. ஒப்படைத்தாரா இல்லையா என்று மட்டும் பார்த்துக் குறியிடப்படும். திருத்தாத தாளைவிடத் திருத்தும் திரை மேல் என்று இணையத் தரப்பு வாதாடினால் அதை எளிதில் தள்ளிவிட முடியாது.

மூன்றாவதாக, வகுப்பின் நிலை விரிவுரையாளருக்குத் தெரிகிறது. எந்தக் கேள்வியில் பெரும்பாலோர் சறுக்கினார்கள் என்பதை ஒரே பார்வையில் அறிந்து, மறுநாள் வகுப்பில் அதையே மீண்டும் விளக்கலாம். நான்காவதாக, ஆளுக்கு ஆள் தொகை மாறுவதால், பேருந்து நிலையத்தில் நண்பனின் தாளைப் பார்த்து அப்படியே எழுதும் பழைய வித்தை பலிக்காது.

தாளின் பக்கம் உள்ள நியாயம்

இனி எதிர்த்தரப்பைக் கவனிப்போம். ஒரு சிறிய கணக்கு இது. கிள்ளானில் ஒரு மளிகைக் கடைக்காரர் அக்டோபர் 1ஆம் தேதி ஓராண்டு வாடகையாக 12,000 வெள்ளியை மொத்தமாகக் கட்டுகிறார். அவருடைய கணக்காண்டு டிசம்பர் 31ஆம் தேதி முடிகிறது. இந்த ஆண்டின் வாடகைச் செலவு எவ்வளவு?

மாதம் 1,000 வெள்ளி வீதம் மூன்று மாதத்துக்கு 3,000 வெள்ளி மட்டுமே இந்த ஆண்டின் செலவு. எஞ்சிய 9,000 வெள்ளி அடுத்த ஆண்டுக்காக முன்கூட்டியே கட்டிய தொகை. அது செலவு ஆகாது. கடைக்காரருக்கு இன்னும் வரவேண்டிய பயன், அதாவது ஒரு சொத்து. முழு 12,000 வெள்ளியையும் செலவாகக் காட்டினால் இலாபம் 9,000 வெள்ளி குறைந்துவிடும்.

வெற்றுத் தாளில் இந்தக் கணக்கைச் செய்யும் மாணவர் தாமே பல முடிவுகளை எடுக்க வேண்டும். எத்தனை கணக்குகள் சம்பந்தப்படுகின்றன? அவற்றின் பெயர் என்ன? எது பற்று, எது வரவு? எந்தத் தேதி? தொகை எவ்வளவு? வெற்றுத் தாள் அவருக்கு எந்த உதவியும் செய்யாது.

திரையில் நிலைமை வேறு. இரண்டு வரிகள் முன்கூட்டியே வரையப்பட்டிருக்கும். ஆகவே கணக்குகள் இரண்டு என்பது தெரிந்துவிடும். பெட்டியைத் தட்டினால் கணக்குப் பெயர்களின் பட்டியல் கீழே விரியும். "முன்கூட்டிச் செலுத்திய வாடகை" என்ற பெயர் அதில் இருக்கும். அப்படி ஒரு கணக்கு உண்டு என்பதை மாணவர் நினைவிலிருந்து எடுக்கத் தேவையில்லை. கண்ணால் கண்டு தேர்ந்தெடுத்தால் போதும். ஒரு பாடத்தில் மிகக் கடினமான பகுதியை இயந்திரம் செய்து கொடுத்துவிட்டு, எளிய பகுதியை மட்டும் மாணவரிடம் விட்டுவிடுகிறது.

பற்றா வரவா என்ற கேள்வியோ இன்னும் வேடிக்கை. மாணவர்கள் டெபிட், கிரெடிட் என்று சொல்லும் இந்த இரண்டைத் தவிர மூன்றாவது வழி கிடையாது. முதல் முயற்சி தவறு என்று சிவப்புக் குறி வந்தால், இரண்டாவது முயற்சி நிச்சயம் சரியாக இருக்கும். மூன்று வாய்ப்பு கொடுக்கும் இடத்தில் ஒன்றும் அறியாதவர்கூட முழுப் புள்ளி பெறலாம். முதலில் சொன்ன 95 புள்ளியின் இரகசியங்களில் இதுவும் ஒன்று.

ஆளுக்கு ஆள் தொகை மாறினாலும் குறுக்கு வழி இல்லாமல் இல்லை. கெட்டிக்கார மாணவர் ஒருவர் விரிதாளில் சூத்திரத்தை எழுதி நண்பர்களுக்கு அனுப்பிவிடுவார். மற்றவர்கள் தங்கள் தொகையை அதில் போட்டால் விடை தானே வந்துவிடும். வீட்டுப்பாடம் செய்தவர் ஒருவர். புள்ளி பெற்றவர்கள் பலர்.

தவறைத் தேடும் கல்வி

கையால் கணக்கு எழுதியவர்களுக்குத் தெரிந்த ஓர் அனுபவம் உண்டு. எல்லாவற்றையும் பதிந்து, இருப்பாய்வு தயாரித்து, இரு பக்கத்தையும் கூட்டினால் மொத்தம் ஒத்துவராது. வித்தியாசம் 90 வெள்ளி! எங்கே தவறு?

அனுபவசாலிகள் முதலில் அந்த வித்தியாசத்தை 9ஆல் வகுத்துப் பார்ப்பார்கள். மீதியின்றி வகுபட்டால், இரண்டு இலக்கங்கள் இடம் மாறியிருக்க வாய்ப்புண்டு. 540 என்று எழுத வேண்டியதை 450 என்று எழுதினால் வித்தியாசம் 90தான். அங்கும் கிடைக்காவிட்டால் வித்தியாசத்தைப் பாதியாக்கித் தேடுவார்கள். 250 வெள்ளியைப் பற்றுப் பக்கம் எழுதாமல் வரவுப் பக்கம் எழுதிவிட்டால், மொத்தத்தில் 500 வெள்ளி வித்தியாசம் வரும். அதன் பாதியான 250 என்ற தொகையைத் தேடினால் குற்றவாளி அகப்படுவான்.

இப்படித் தேடும்போது மாணவர் தாம் எழுதிய ஒவ்வொரு பதிவையும் மறுபடி படிக்கிறார். ஒரு தொகை எங்கிருந்து புறப்பட்டு எங்கே போய்ச் சேர்ந்தது என்ற பாதை மனத்தில் பதிகிறது. திரையில் ஒவ்வொரு பெட்டியும் அப்போதைக்கப்போதே திருத்தப்படுவதால் இந்தத் தேடலுக்கு வேலையே இல்லை. உடனடித் திருத்தம் என்ற அதே நன்மை, தவறைத் தாமே கண்டுபிடிக்கும் பயிற்சியைப் பறித்துவிடுகிறது.

புள்ளியிடும் முறையிலும் வேறுபாடு உண்டு. 60,000 வெள்ளிக்கு வாங்கிய வேன் ஐந்தாண்டு உழைத்து, இறுதியில் 10,000 வெள்ளிக்கு விலைபோகும் என்று வைத்துக்கொள்ளலாம். ஆண்டுத் தேய்மானம் 10,000 வெள்ளி. இறுதி மதிப்பைக் கழிக்க மறந்த மாணவர் 12,000 வெள்ளி என்று எழுதுகிறார். அதனால் முதலாண்டு முடிவில் வேனின் மதிப்பு 50,000 வெள்ளிக்குப் பதில் 48,000 வெள்ளி என்று வரும். இலாபமும் மொத்தச் சொத்தும் 2,000 வெள்ளி குறையும். மனிதர் திருத்தினால் முதல் தவறுக்கு மட்டும் புள்ளியைக் குறைத்து, பின்னால் வருபவை அந்தத் தொகையின்படி சரியாக இருந்தால் புள்ளி கொடுப்பார். கேம்பிரிட்ஜ் கணக்கியல் தேர்வுகளின் புள்ளித் திட்டத்தில்கூட மாணவரின் சொந்தத் தொகை என்று இதற்கு இடம் உண்டு. இணையத்தளமோ, அவ்வாறு அமைக்கப்படாவிட்டால், ஒரே மறதிக்கு நான்கு சிவப்புக் குறிகளைப் போட்டுவிடும். எல்லாமே தெரியவில்லை என்று மாணவர் மனம் தளர்ந்துபோவார்.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன?

கையெழுத்துக்கு ஆதரவாக அடிக்கடி எடுத்துக்காட்டப்படும் ஆய்வு ஒன்று உண்டு. முல்லர், ஓப்பன்ஹைமர் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் 2014ஆம் ஆண்டில் அதை வெளியிட்டார்கள். விரிவுரையை மடிக்கணினியில் குறிப்பெடுத்தவர்கள் கேட்டதைச் சொல்லுக்குச் சொல் தட்டினார்கள். கருத்துகளை விளக்கும் கேள்விகளில், கையால் குறிப்பெடுத்தவர்கள் அவர்களைவிடச் சிறப்பாகச் செய்தார்கள் என்பது அதன் முடிவு. ஆனால், 2019ஆம் ஆண்டில் வேறு ஆய்வாளர்கள் அதை மீண்டும் சோதித்தபோது அவ்வளவு தெளிவான வேறுபாடு தெரியவில்லை. மேலும் அது குறிப்பெடுப்பது பற்றிய ஆய்வு. கணக்கியல் வீட்டுப்பாடம் பற்றியது அல்ல. ஆகவே பேனாவுக்கு மந்திர சக்தி இருப்பதாக யாரும் முடிவுகட்ட வேண்டாம்.

இந்த விவாதத்துக்கு இன்னும் பொருத்தமான ஆய்வு 2006ஆம் ஆண்டில் வந்தது. ரோடிகர், கார்பிக் என்ற உளவியல் ஆய்வாளர்கள் மாணவர்களிடம் ஒரு பகுதியைப் படிக்கக் கொடுத்தார்கள். சிலர் அதையே திரும்பத் திரும்பப் படித்தார்கள். மற்றவர்கள் புத்தகத்தை மூடிவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்த்தார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது திரும்பப் படித்தவர்கள் முன்னணியில் இருந்தார்கள். ஆனால், ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களே அதிகம் நினைவு வைத்திருந்தார்கள்.

இதுதான் விவாதத்தின் முடிச்சை அவிழ்க்கிறது. பேனாவா, விசைப்பலகையா என்பதைவிட, விடையை மாணவர் தம் மனத்திலிருந்து வெளியே கொண்டுவருகிறாரா என்பதே முக்கியம். பாடநூலின் விடைப் பகுதியைப் பார்த்து அழகான கையெழுத்தில் நகலெடுக்கும் மாணவருக்குத் தாளால் பயனில்லை. பட்டியலைப் பார்க்காமல், முதல் முயற்சியிலேயே சிந்தித்துத் தட்டும் மாணவருக்குத் திரையும் நல்ல ஆசான்தான்.

பணமும் இணைய வசதியும்

இன்னொரு விஷயத்தையும் பேசாமல் விட முடியாது. பாடநூல் பழையதானால் அண்ணன் படித்ததைத் தம்பி படிக்கலாம். மூத்த மாணவரிடம் பாதி விலைக்கு வாங்கலாம். நுழைவுக் குறியீடு அப்படி அல்ல. ஒருவர் பயன்படுத்தியதை மற்றவர் பயன்படுத்த முடியாது. குறிப்பிட்ட காலத்துக்குப் பின் அது செல்லாது. வீட்டுப்பாடத்துக்குப் புள்ளி உண்டு என்றால், குறியீடு வாங்க இயலாத மாணவர் அந்தப் புள்ளியை இழக்க நேரிடும்.

இணைய இணைப்பும் எல்லோருக்கும் ஒரே மாதிரி இல்லை. 2020ஆம் ஆண்டு மார்ச் 18ஆம் தேதி மக்கள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்த பிறகு நாட்டின் மாணவர்கள் பலர் இணைய மாணவர்கள் ஆனார்கள். அந்த ஆண்டில் சபாவைச் சேர்ந்த ஒரு பல்கலைக்கழக மாணவி இணையத் தேர்வு எழுதுவதற்காக மரத்தின் மேல் ஏறி இரவைக் கழித்த காணொளி நாடெங்கும் பேசப்பட்டது. ஒரே கைத்தொலைபேசியை மூன்று பிள்ளைகள் பகிர்ந்துகொண்ட வீடுகளும் உண்டு. கைத்தொலைபேசியின் சிறிய திரையில் பத்து வரிக் குறிப்பேட்டுப் பதிவைச் செய்வது எவ்வளவு சிரமம் என்பது செய்தவர்களுக்குத்தான் தெரியும்.

ஆகவே இணைய வீட்டுப்பாடத்தைக் கட்டாயமாக்கும் கல்லூரி, கணினிக்கூடத்தை மாலையிலும் திறந்து வைப்பதும், கெடு நாளில் சற்று நெகிழ்வு காட்டுவதும் நியாயமாகும்.

செயற்கை நுண்ணறிவு வந்த பிறகு

2022ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் தேதி சட்ஜிபிடி பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. அதன்பின் இந்த விவாதத்தின் போக்கே மாறிவிட்டது. கேள்வியைப் படம் எடுத்து அனுப்பினால் பற்று வரவோடு பதிவு வந்துவிடுகிறது. சில சமயம் தவறாகவும் வருகிறது. ஆனால், அடிப்படை தெரியாத மாணவருக்கு அந்தத் தவறு கண்ணில் படாது.

கையால் எழுதச் சொன்னால் பிரச்சினை தீர்ந்தது என்று சிலர் நினைக்கிறார்கள். திரையில் வந்த விடையைப் பார்த்துத் தாளில் எழுத எவ்வளவு நேரமாகும்? பத்து நிமிடம் போதும். ஆகவே வீட்டில் செய்து வரும் எந்த வேலைக்கும், அது எழுதியதானாலும் தட்டியதானாலும், பெரிய புள்ளி கொடுப்பதில் இனிப் பொருளில்லை. வீட்டுப்பாடம் பயிற்சிக்கானது; அளவுகோல் வகுப்பறையில் இருக்க வேண்டும்.

வேலையிடம் எதைக் கேட்கிறது?

"அலுவலகத்தில் யார் கையால் கணக்கு எழுதுகிறார்கள்?" என்று மாணவர்கள் கேட்பது உண்டு. கேள்வி நியாயமானதே. மலேசியாவில் 2024ஆம் ஆண்டு ஆகஸ்டு 1ஆம் தேதி, ஆண்டு விற்பனை 10 கோடி வெள்ளியைத் தாண்டிய நிறுவனங்களுக்கு மின் விலைப்பட்டியல் முறை நடப்புக்கு வந்தது. பின்னர் கட்டம் கட்டமாக மற்ற நிறுவனங்களுக்கும் அது விரிந்தது. விரிதாளும் கணக்கு மென்பொருளும் தெரியாத பட்டதாரிக்கு வேலை கிடைப்பது சிரமம். இதில் இரு கருத்துக்கு இடமில்லை.

ஆனால், மென்பொருள் எதைத் தடுக்கும், எதைத் தடுக்காது என்பதையும் அறிய வேண்டும். பற்றும் வரவும் சமமாக இல்லாவிட்டால் மென்பொருள் பதிவை ஏற்காது. கூட்டலில் தவறு செய்யாது. ஆனால், வேனைப் பழுதுபார்த்த 2,400 வெள்ளியை ஒரு பணியாளர் செலவுக் கணக்கில் போடாமல் வேன் கணக்கில் சேர்த்துவிட்டால்? இரு பக்கமும் சமமாகத்தான் இருக்கும். மென்பொருள் ஒன்றும் சொல்லாது. சொத்து கூடுதலாகவும், செலவு குறைவாகவும், இலாபம் உண்மையைவிட அதிகமாகவும் தெரியும். இலாபம் அதிகம் என்றால் வரியும் அதிகம்.

அந்தத் தவறைப் பிடிப்பது, "இது சொத்தா, செலவா?" என்று கேட்கப் பழகிய மனித மூளைதான். வருமான வரிச் சட்டப்படி வணிகக் கணக்குகளையும் ஆவணங்களையும் ஏழு ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். ஆறாவது ஆண்டில் வரி அதிகாரி கேள்வி கேட்டால் "கணினி ஏற்றுக்கொண்டது" என்ற பதில் எடுபடாது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். திரைச் சுரைக்காயும் அப்படித்தான்.

இரண்டையும் எப்படி இணைப்பது?

ஆகவே தீர்ப்பு ஒரு பக்கமாக இருக்க முடியாது. எந்தக் கட்டத்தில் எது என்பதே சரியான கேள்வி.

முதல் தவணையில், பற்று வரவு, குறிப்பேடு, பேரேடு, இருப்பாய்வு ஆகிய அடிப்படைகளைக் கற்கும்போது வெற்றுத் தாளே மேல். ஒரு சிறிய கடையின் ஒரு மாதக் கொடுக்கல் வாங்கலைத் தொடக்கம் முதல் இருப்புநிலைக் குறிப்பு வரை ஒரு முறையாவது கையால் எழுதி முடித்தவருக்கு, மென்பொருளுக்குள் என்ன நடக்கிறது என்பது புரியும். நான்கு ஐந்து கேள்விகள் போதும்; ஆனால் அவை முழுமையாகத் திருத்தப்பட வேண்டும்.

அடிப்படை புரிந்த பிறகு, வேகமும் பழக்கமும் வர ஏராளமான கணக்குகள் செய்ய வேண்டும். தேய்மானம், சரக்கிருப்பு மதிப்பீடு, வங்கிச் சரிக்கட்டல் போன்றவற்றில் இருபது முப்பது கணக்குகளை உடனுக்குடன் திருத்திக் கொடுக்க இணையமே சிறந்த துணை. அங்கே முயற்சிகளின் எண்ணிக்கையை விரிவுரையாளர் குறைத்து வைக்கலாம். பட்டியலுக்குப் பதிலாகக் கணக்கின் பெயரை மாணவரே தட்டும்படி அமைக்க முடிந்தால் இன்னும் நல்லது.

மூன்றாவதாக, வாரந்தோறும் வகுப்பில் பதினைந்து நிமிடத் தேர்வு ஒன்று நடத்தலாம். வீட்டுப்பாடத்தில் வந்த கேள்வியையே தொகை மாற்றிக் கொடுத்தால் போதும். யார் தாமே செய்தார், யார் நண்பரின் விரிதாளை நம்பினார் என்பது அன்றே வெளிச்சமாகிவிடும். இறுதித் தேர்வு வரை அந்தப் புதிர் காத்திருக்காது.

மாணவரும் தமக்குத் தாமே ஓர் ஒழுங்கை வைத்துக்கொள்ளலாம். திரையில் கேள்வி வந்ததும் பெட்டியைத் தொடாமல், ஒரு தாளில் ஆங்கில டி எழுத்து வடிவத்தில் கணக்கை வரைந்து விடையை எழுதிவிட வேண்டும். அதன் பிறகே திரையில் தட்ட வேண்டும். தவறு என்று வந்தால் உடனே அடுத்த முயற்சிக்குத் தாவாமல், தாளில் எங்கே பிசகினோம் என்று தேட வேண்டும். எழுதிய தாள்களை ஒரு கோப்பில் சேர்த்து வைத்தால், தேர்வுக்கு முதல் நாள் புரட்டிப் பார்க்க அதைவிடச் சிறந்த கையேடு கிடையாது. கணினியில் தேர்வு எழுதப் போகிறவர், தேர்வுக்கு இரண்டு மாதம் முன்பிருந்தாவது விரிதாளில் தம் கணக்கு வழிமுறையைத் தெளிவாகக் காட்டிப் பழக வேண்டும்.

அம்மா கேட்க வேண்டிய கேள்வி

பெற்றோருக்குக் கணக்கியல் தெரியாதே, அவர்கள் என்ன செய்ய முடியும் என்று நினைக்கலாம். நாசி லெமாக் கடை நடத்தும் தாய்க்கும், லாரி ஓட்டும் தந்தைக்கும் கொடுக்கல் வாங்கல் தெரியும். கடனுக்கு வாங்கிய அரிசிக்கும் ரொக்கத்துக்கு வாங்கிய அரிசிக்கும் உள்ள வேறுபாடு தெரியும். அது போதும்.

"எத்தனை புள்ளி?" என்று கேட்பதை ஒரு நாள் நிறுத்திவிட்டு, "நம்ம கடைக்கு மூணு மாச வாடகை முன்னாலேயே கட்டினோமே, அதை எந்தப் பக்கம் எழுதுவே? ஏன்?" என்று மகனைக் கேட்டுப் பார்க்கலாம். திரையைப் பார்க்காமல், அம்மாவுக்குப் புரியும்படி அவன் சொல்லிவிட்டால் வீட்டுப்பாடம் திரையில் நடந்திருந்தாலும் கவலையில்லை. சொல்ல வரவில்லையென்றால், 95 புள்ளியைக் கண்டு மகிழ வேண்டாம். அவனிடம் ஒரு தாளையும் பேனாவையும் கொடுத்துப் பக்கத்தில் அமர்த்திக்கொள்ள வேண்டும். இறுதித் தேர்வுக்கு இன்னும் நாள் இருக்கிறதே!